பழைய வெப்சைட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஆசைக்காக ஒரு வெப்சைட் செய்து, அதைப் பல வருடங்களாக விடாமல் வைத்திருப்பவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். படித்த பள்ளியைப் பற்றி ஒருவர் வைத்திருப்பார். ஊர்க் கோவில் திருவிழா போட்டோக்களை ஒருவர் சேர்த்து வைத்திருப்பார். இன்னொருவர் அம்மா சொன்ன சமையல் குறிப்புகளைத் தட்டச்சு செய்து போட்டிருப்பார். மானிட்டரில் பார்த்தால் அவை இன்றும் நன்றாகத்தான் இருக்கும். மொபைல் போனில் பார்த்தால்தான் சங்கடம். எழுத்தெல்லாம் எறும்பு வரிசை போல் தெரியும்.

"இது பழசு, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்" என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் யோசனை. அது தவறான யோசனை என்பது என் கருத்து. குறிப்பாக, வெப் டிசைனைப் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு அது மிகவும் தவறான யோசனை. ஏன் என்று சொல்வதற்கு முன், நான் இந்த வேலையில் இறங்கக் காரணமான ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசி பஸ்

நான் ஒரு சிறிய ஊரில் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். 2005ஆம் ஆண்டு, கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், புத்தகம் பார்த்து எச்.டி.எம்.எல். கற்றுக்கொண்டு எங்கள் ஊருக்கு ஒரு வெப்சைட் செய்தேன். ஊர் வரலாறு, கோவில் திருவிழா, போட்டோக்கள், அதோடு எங்கள் பஸ் ஸ்டாண்டில் இருந்து புறப்படும் பஸ்களின் நேரங்கள். முதல் மூன்றையும் யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கே தெரியும். பஸ் நேரத்தை மட்டும் எல்லோரும் பார்ப்பார்கள். நானும் மாதம் ஒரு முறை பஸ் ஸ்டாண்டிற்கு நேரில் போய், டைம் கீப்பரிடம் கேட்டுச் சரி பார்த்துத் திருத்திவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சென்ற வருடம் ஒரு நாள் காலை, எங்கள் கடைக்கு வழக்கமாக உரம் வாங்க வரும் ஒரு அம்மா கையில் போனோடு வந்தார். "அண்ணே, நேத்து பொண்ணைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட வந்தேன். உங்க வெப்சைட்டைப் பார்த்துட்டுத்தான் மெதுவா பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கடைசி பஸ் 9.40ன்னு போட்டிருந்துச்சு. அங்க போனா 8.50க்கே போயிருச்சுன்னு சொல்றாங்க" என்றார். காய்ச்சலில் இருந்த பெண்ணோடு, 18 கிலோமீட்டருக்கு ஆட்டோ பிடித்து, 700 ரூபாய் கொடுத்து வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "மாத்திப் போட்டுருங்கண்ணே, வேற யாராவது ஏமாந்துறப் போறாங்க" என்றுதான் சொன்னார்.

உடனே கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். அவருடைய ஊருக்கு நேரே 8.50 என்று சரியாகத்தான் இருந்தது. 9.40 என்பது அடுத்த வரிசையில் உள்ள ஊருக்கு. "நான் சரியாகத்தானே போட்டிருக்கிறேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் போனை நீட்டினார். அதில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

என் அட்டவணையில் ஆறு பத்திகள். ஊர், வழி, காலை, மதியம், மாலை, கடைசி பஸ். மொத்தம் 18 வரிசைகள். போனில் முழுப் பக்கமும் சுருங்கித் தெரிந்தது. எழுத்தைப் படிக்க இரண்டு விரலால் பெரிதாக்கினால் கடைசி பஸ் பத்தி மட்டும் திரையில் நிற்கிறது. ஊர்ப் பெயர் இடப்பக்கம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. விரலால் தள்ளிக் கொண்டே வரும்போது ஒரு வரிசை மாறினால் மாறியதுதான். எந்த நேரம் எந்த ஊருக்கு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

நான் போட்ட தகவல் சரி. ஆனால் அவருக்குப் போய்ச் சேர்ந்த தகவல் தவறு. அப்படியானால் தவறு யாருடையது? என்னுடையதுதான். மொபைலுக்கு ஏற்ற வடிவம் என்பதை அதுவரை ஒரு அலங்காரமாகவே நினைத்திருந்தேன். அன்றோடு அந்த நினைப்பு போயிற்று.

போன் ஏன் சுருக்கிக் காட்டுகிறது?

2007ஆம் ஆண்டு ஐபோன் வந்தபோது, இணையத்தில் இருந்த பக்கங்கள் எல்லாம் பெரிய மானிட்டருக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை அந்தச் சிறிய திரையில் எப்படிக் காட்டுவது? ஆப்பிள் ஒரு தந்திரம் செய்தது. போனில் உள்ள சபாரி பிரவுசர், தன் திரையின் அகலம் 980 பிக்ஸல் என்று வைத்துக்கொண்டு பக்கத்தை அமைக்கும். பிறகு அதை அப்படியே சுருக்கித் திரைக்குள் அடக்கிவிடும். மற்ற போன் பிரவுசர்களும் ஏறக்குறைய இதே வழியைத்தான் பின்பற்றின.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 980 பிக்ஸல் பக்கம் 360 பிக்ஸல் திரைக்குள் போனால், 16 பிக்ஸல் எழுத்து 6 பிக்ஸலுக்கும் குறைவாக ஆகிவிடும். கல்யாண பேனரைத் தபால் தலை அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கிறது. ஆங்கில எழுத்தையாவது ஊகித்துப் படித்துவிடலாம். சுழியும் கொம்பும் புள்ளியும் உள்ள நம் தமிழ் எழுத்தை அந்த அளவில் படிக்க முடியாது.

இதற்கான தீர்வை ஒழுங்காக ஒரு முறையாக்கிச் சொன்னவர் ஈத்தன் மார்கோட் என்ற அமெரிக்க வெப் டிசைனர். 2010ஆம் ஆண்டு மே மாதம் 'எ லிஸ்ட் அபார்ட்' என்ற இணைய இதழில் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. போனுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று இரண்டு வெப்சைட் வேண்டாம். ஒரே பக்கம் திரையின் அளவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் சாரம். அதற்கு அவர் சொன்னவை மூன்று. அகலங்களைப் பிக்ஸலில் சொல்லாமல் சதவீதத்தில் சொல்வது. படங்கள் தம் கட்டத்தைத் தாண்டாமல் சுருங்கும்படி செய்வது. இந்த அகலத்திற்கு மேல் இப்படி, கீழே அப்படி என்று சி.எஸ்.எஸ். மூலம் கட்டளை கொடுப்பது. மூன்றாவதற்கு மீடியா குவெரி என்று பெயர். இது 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் இணைய நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் முறையான பரிந்துரையாகவே வந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெப்சைட் என்பது பிறக்கும்போதே வளைந்து கொடுக்கும் குணத்தோடுதான் பிறந்தது. 1991ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் வைத்த முதல் வெப்சைட்டின் பக்கங்களில் அகலம் என்று எதுவுமே சொல்லப்படவில்லை. விண்டோவைச் சுருக்கினால் வரிகள் தாமே மடிந்து அடுத்த வரிக்கு வந்துவிடும். பிறகு நாம்தான் 800 பிக்ஸல், 1024 பிக்ஸல் என்று ஆணி அடித்து நிறுத்தினோம். என் வெப்சைட்டின் அடியில் "1024 x 768 அளவில் பார்க்கவும்" என்று பெருமையாக ஒரு வரி வேறு போட்டிருந்தேன். பார்க்க வருபவர் தன் திரையை மாற்றிக்கொள்ள வேண்டுமாம்! ஆகவே நாம் இப்போது செய்ய வேண்டியது புதிதாக எதையும் சேர்ப்பது அல்ல. நாம் அடித்த ஆணிகளைப் பிடுங்குவதுதான்.

மகள் சொன்ன யோசனை

சென்னையில் வேலை பார்க்கும் என் மகளிடம் போனில் சொன்னேன். "அப்பா, இதை எதுக்கு நோண்டிக்கிட்டு? வேர்ட்பிரஸ்ல ஒரு தீம் எடுத்துப் போட்டா அதுவே மொபைலுக்குச் சரியா வந்துரும்ப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை" என்றாள். பக்கத்து நகரத்தில் ஒரு வெப் டிசைன் கடையில் கேட்டதற்கு 35,000 ரூபாய் என்றார்கள்.

மகள் சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன். புதிய தீம்கள் மொபைலில் அழகாகவே தெரியும். ஆனால் என் பிரச்னை அதில் தீருமா? என்னுடைய ஆறு பத்தி அட்டவணையை அந்தத் தீமில் ஒட்டினாலும் ஆறு பத்திதான். ஒன்று, நசுங்கி ஒரு வரிக்கு ஒரு சொல்லாக நிற்கும். இல்லையென்றால் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே மெனு அழகாக மடியும், தலைப்புப் படம் அழகாகச் சுருங்கும், அந்த அம்மா மறுபடியும் தவறான வரிசையைப் படிப்பார். என் பக்கத்தில் எந்த எண் முக்கியம் என்பது தீம் செய்தவருக்குத் தெரியாது. அது எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது காரணம், கற்றுக்கொள்வது. புதிதாக ஒரு வெப்சைட் தொடங்கினால் நாம் என்ன செய்வோம்? என்ன நிறம், எந்த எழுத்துரு, எந்தப் படம் என்பதிலேயே ஒரு மாதம் போய்விடும். பழைய வெப்சைட்டில் அந்தப் பேச்சே இல்லை. எழுதியது தயாராக இருக்கிறது. யார் பார்க்கிறார்கள், எதைத் தேடுகிறார்கள் என்பதும் தெரியும். மீதி இருப்பது ஒரே ஒரு கேள்விதான்: இது சிறிய திரையில் ஏன் உடைகிறது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது சி.எஸ்.எஸ். தானாகக் கை வந்துவிடும். சைக்கிளை வாங்கி ஓட்டுபவரைவிட, கழற்றி மாட்டியவருக்குத்தானே சைக்கிளைப் பற்றித் தெரியும்?

மூன்றாவதாக, முகவரி. 20 வருடமாகப் பலர் அந்தப் பக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். கடைகளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். புதிய வெப்சைட் என்றால் பக்கங்களின் முகவரி மாறும். பழைய முகவரிக்குப் போனவருக்கு "பக்கம் கிடைக்கவில்லை" என்று வரும்.

மொபைலுக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய வெப்சைட் வைக்கலாமே என்று நானே முதலில் யோசித்தேன். ஒரு காலத்தில் பெரிய நிறுவனங்களே அப்படி வைத்திருந்தன. நல்லவேளை, செய்யவில்லை. பஸ் நேரம் மாறினால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். என்றாவது ஒரு நாள் ஒன்றை மறப்பேன். மறந்த அன்று இன்னொருவர் ஆட்டோவுக்குக் காசு கொடுப்பார்.

நான் செய்தவை

மொத்தம் 11 மாலை நேரங்கள் ஆயின. உங்களுக்கும் பயன்படும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், வெப்சைட் முழுவதையும் பைல்ஜில்லா மூலம் ஒரு தனி போல்டரில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த போல்டரைத் தொடவே தொடாதீர்கள். இன்னொரு நகல் எடுத்து அதில் வேலை செய்திடுங்கள். குரோம் அல்லது பயர்பாக்ஸ் பிரவுசரில் எப்12 கீயை அழுத்தி, பிறகு கண்ட்ரோல்+ஷிப்ட்+எம் அழுத்தினால், பக்கம் போன் அளவில் எப்படித் தெரியும் என்று காட்டும். அகலத்தை 320, 360 என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். கடைசியில் உண்மையான போனில், வெயிலில் நின்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து, பக்கத்தின் ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். 'விட்த்' என்பதற்கு 'டிவைஸ்-விட்த்' என்றும், 'இனிஷியல்-ஸ்கேல்' என்பதற்கு 1 என்றும் அதில் கொடுப்போம். 980 பிக்ஸல் என்று வைத்துக்கொள்ளாதே, உன் திரையின் உண்மையான அகலத்தை எடுத்துக்கொள் என்று பிரவுசரிடம் சொல்வது இந்த ஒரு வரிதான். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த வரியைச் சேர்த்ததும் பக்கம் முன்பைவிட மோசமாகத் தெரியும். எழுத்து பெரிதாகும், ஆனால் பக்கம் வலப்பக்கம் ஓடும். நான் பயந்துபோய் அந்த வரியை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான், அந்த வரி எதையும் உடைக்கவில்லை, ஏற்கெனவே உடைந்திருந்ததை எனக்குக் காட்டியது என்று புரிந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்ததும் எலும்பு முறியவில்லை அல்லவா? அதைப்போலத்தான். வரியை அப்படியே விட்டுவிட்டு மேலே போங்கள்.

இனி ஆணி பிடுங்கும் வேலை. எச்.டி.எம்.எல். பைலிலும் சி.எஸ்.எஸ். பைலிலும் 'விட்த்' என்ற சொல்லைத் தேடுங்கள். டேபிள் அகலம் 780, பத்தி அகலம் 240 என்று எண்கள் வரும். வெளிக்கூட்டின் அகலம் 960 பிக்ஸல் என்று இருந்தால், அதை 'மேக்ஸ்-விட்த்' 960 என்று மாற்றிடுங்கள். பெரிய திரையில் 960க்கு மேல் போகாது. சிறிய திரையில் தானே சுருங்கும். ஒரே ஒரு சொல்தான், பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். உள்ளே இருக்கும் பத்திகளுக்குச் சதவீதம். 960இல் 240 என்றால் 25 சதவீதம். இது மார்கோட் சொன்ன கணக்கு: வேண்டிய அகலத்தை, அது இருக்கும் கட்டத்தின் அகலத்தால் வகுக்க வேண்டும்.

100 சதவீதம் அகலம் கொடுத்த பிறகும் ஒரு கட்டம் கொஞ்சமே கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? ஓரத்தில் விட்ட இடைவெளி, அதாவது பேடிங், அந்த 100க்கு மேல் கூடுகிறது என்று அர்த்தம். 'பாக்ஸ்-சைசிங்' என்பதற்கு 'பார்டர்-பாக்ஸ்' என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வரி போட்டால் சரியாகிவிடும். இது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் வீணடித்தேன்.

படங்களுக்கு 'மேக்ஸ்-விட்த்' 100 சதவீதம், 'ஹைட்' ஆட்டோ. இது போதும். ஆனால் திரையில் சுருங்குவது வேறு, பைல் சுருங்குவது வேறு. 2 எம்.பி. போட்டோ சிறிதாகத் தெரிந்தாலும் 2 எம்.பி. முழுவதும்தான் இறங்கும். சிக்னல் இல்லாத ஊரில் நின்று பார்ப்பவரை நினைத்து, என் திருவிழாப் படங்களை எல்லாம் 150 கே.பி. அளவுக்குக் குறைத்தேன்.

என் பக்கம் மூன்று பத்தி: இடப்பக்கம் மெனு, நடுவில் விஷயம், வலப்பக்கம் அறிவிப்புகள். எல்லாம் ஒரு பெரிய டேபிளுக்குள். அதைக் கலைத்து மூன்று தனிப் பகுதிகளாக்கியதும், போனில் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தன. ஆனால் மெனுவில் 22 இணைப்புகள். அவற்றைத் தாண்டிய பிறகுதான் பஸ் நேரம்! ஆகவே பைலிலேயே வரிசையை மாற்றி, விஷயத்தை முதலிலும் மெனுவைக் கடைசியிலும் வைத்தேன். மேலே "மெனு" என்று ஒரு இணைப்பு. தட்டினால் கீழே உள்ள மெனுவுக்குப் போகும். ஜாவாஸ்கிரிப்ட் எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு ஒரே ஒரு மீடியா குவெரி. 700 பிக்ஸலுக்கு மேல் அகலம் இருந்தால் பகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வை என்று. இதற்கு இன்றைய பிரவுசர்களில் உள்ள கிரிட் என்ற வசதி போதும். 2017ஆம் ஆண்டு பயர்பாக்ஸ், குரோம் பிரவுசர்களில் வந்த இந்த வசதி, டேபிள் வைத்து நாம் பட்ட பாட்டை எல்லாம் இரண்டு வரியில் முடித்துவிடுகிறது. சிறிய திரைக்கு முதலில் எழுதிவிட்டு, பெரிய திரைக்குக் கூடுதலாகச் சொல்வதே சுலபம். அந்த 700 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எந்தப் போன் மாடலையும் பார்த்து எடுத்தது அல்ல. பிரவுசர் விண்டோவை மெதுவாக அகலப்படுத்திக்கொண்டே வந்தேன். எங்கே வரி படிக்க முடியாத அளவுக்கு நீளமாகிறதோ, அந்த இடம்தான். போன் மாடல்கள் வருடா வருடம் மாறும். அவற்றின் பின்னால் ஓடினால் நமக்கு மூச்சு வாங்கும்.

மாற்றிய பிறகும் போனில் பழைய வடிவமே தெரிந்தால் பதறாதீர்கள். பிரவுசர் பழைய சி.எஸ்.எஸ். பைலைச் சேமித்து வைத்திருக்கும். பைலுக்குப் புதுப் பெயர் கொடுத்து இணைத்துவிடுங்கள்.

தமிழுக்கு என்று சில

ஆங்கிலப் புத்தகங்களில் இவை இருக்காது. வரிகளை இரு பக்கமும் சமமாக நிறுத்தும் ஜஸ்டிபை அமைப்பை எடுத்துவிடுங்கள். நம் சொற்கள் நீளமானவை. குறுகிய திரையில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் நிற்கும். ஜஸ்டிபை செய்தால் நடுவில் பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் ஒட்டி நிற்கட்டும். ஒரே ஒரு நீளச் சொல் திரையைத் தாண்டிப் பக்கத்தையே வலப்பக்கம் இழுத்துவிடுவதும் உண்டு. 'ஓவர்புளோ-ராப்' என்பதற்கு 'பிரேக்-வேர்ட்' கொடுத்தால் தேவைப்படும்போது மட்டும் சொல்லை மடிக்கும். வரி உயரம் 1.6 அளவுக்காவது இருக்க வேண்டும். மேலே விசிறியும் கீழே சுழியும் மோதிக்கொள்ளக் கூடாது அல்லவா?

எழுத்தின் அளவு 16 பிக்ஸலுக்குக் குறைய வேண்டாம். பெரிதாக்கிப் பார்க்கும் வசதியைத் தடுக்கும் கட்டளை சில பழைய உதாரணங்களில் இருக்கும்; அதை ஒருபோதும் காப்பி செய்யாதீர்கள். கண்ணாடி மறந்து வந்த பெரியவருக்கு அந்த இரண்டு விரல்தான் கண்ணாடி.

அட்டவணைக்கு என்ன செய்தேன்?

இதுவரை சொன்னது எல்லாம் நடந்தும், பஸ் அட்டவணை மட்டும் அடங்கவில்லை. அதை மட்டும் பக்கவாட்டில் ஓடும்படி ஒரு பெட்டிக்குள் வைக்கலாம் என்று படித்தேன். பெரிய புள்ளிவிவர அட்டவணைகளுக்கு அது நல்ல வழிதான். ஆனால் எனக்கு? ஊர்ப் பெயர் மறுபடியும் திரைக்கு வெளியேதானே போகும்!

ஒரு மாலை பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து, மக்கள் டைம் கீப்பரிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்தேன். "காலை பஸ்கள் எவை" என்று யாரும் கேட்கவில்லை. "இன்ன ஊருக்கு அடுத்த பஸ் எப்போ? கடைசி பஸ் எப்போ?" இவ்வளவுதான் கேள்வி. வீட்டுக்கு வந்து அட்டவணையையே கலைத்தேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தலைப்பு. அதன் கீழே முதல் வரியில், ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கடைசி பஸ் நேரம், தடித்த எழுத்தில். அதற்குக் கீழே மற்ற நேரங்கள். முடிவில், நான் நேரில் சரி பார்த்த தேதி. இனி எவ்வளவு பெரிதாக்கினாலும் நேரமும் ஊரும் பிரியாது.

இதில் சி.எஸ்.எஸ். எதுவுமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஆறு பத்தி அட்டவணை என் வசதிக்காக நான் போட்டது. எக்செல் பைலில் அப்படி இருந்தது, அப்படியே ஏற்றினேன். அதை மானிட்டரில் பார்த்தவர்களும் இத்தனை வருடம் விரலை வைத்துத்தான் வரிசை பிடித்திருப்பார்கள். சிறிய திரை அந்தக் குறையை வெளியே கொண்டு வந்தது, அவ்வளவுதான். ரெஸ்பான்சிவ் வேலையில் பாதி கோடு எழுதுவது. மீதிப் பாதி, நம் எழுத்தை வாசகர் பக்கம் இருந்து படித்துப் பார்ப்பது. முதல் பாதியைத் தீம் செய்துவிடும். இரண்டாவது பாதியை யாராலும் நமக்காகச் செய்ய முடியாது.

இதனால்தான் இன்னொன்றையும் சொல்கிறேன். இடம் போதவில்லை என்று சில பகுதிகளை மொபைலில் மட்டும் மறைத்துவிடும் பழக்கம் வேண்டாம். போனில் வருபவர் இரண்டாம் தர வாசகர் அல்ல. பலருக்குப் போன்தான் அவர்களுடைய ஒரே கம்ப்யூட்டர். ஒரு பகுதி அவருக்குத் தேவை இல்லை என்றால், பெரும்பாலும் அது யாருக்குமே தேவை இல்லாததாக இருக்கும். மறைக்காதீர்கள், நீக்கிவிடுங்கள். கூகுள்கூட ஒரு பக்கத்தின் மொபைல் வடிவத்தைப் பார்த்துத்தான் பட்டியலிடுகிறது. 2016ஆம் ஆண்டு அறிவித்த இந்த மாற்றத்தை 2023ஆம் ஆண்டு முடித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறது.

எப்போது புதிதாகச் செய்யலாம்?

எல்லாப் பழைய வெப்சைட்டையும் இப்படிக் காப்பாற்ற முடியும் என்று சொல்லவில்லை. முழுவதும் பிளாஷில் செய்திருந்தால் வேறு வழியில்லை; அடோபி நிறுவனம் 2020 டிசம்பரோடு பிளாஷ் பிளேயருக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. பக்கத்தைப் பல பிரேம்களாகப் பிரித்திருந்தாலும், தமிழ் தெரிய வேண்டும் என்று எழுத்தை எல்லாம் படமாகப் போட்டிருந்தாலும் புதிதாகச் செய்வதே நல்லது. யூனிகோடு வருவதற்கு முன்பிருந்த தமிழ் எழுத்துருக்களில் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு இதில் இறங்குங்கள். அப்போதும் எழுதியதைத் தூக்கிப் போடாதீர்கள். கூட்டை மாற்றலாம், உள்ளே இருப்பது 20 வருட உழைப்பு.

சரி செய்த மறுநாளே அந்த அம்மாவைக் கடைக்குக் கூப்பிட்டு, அவர் போனிலேயே திறந்து காட்டினேன். தன் ஊர்ப் பெயரைத் தொட்டு, கீழே தடித்த எழுத்தில் இருந்த 8.50ஐ வாய்விட்டுப் படித்தார். இரண்டு விரலையும் பயன்படுத்தவில்லை. எனக்கு அதுவே போதும். பிறகு, "ஞாயித்துக்கிழமை அந்த பஸ் வராதே அண்ணே, அது இதுல இல்லையே" என்றார். உண்மைதான். ஆறு பத்தி அட்டவணையில் அதைப் போட இடமே இல்லாததால், அப்படி ஒரு விஷயத்தை நான் கேட்டுக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. இந்த வாரம் அதைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பழைய வெப்சைட்டை இன்று மாலை ஒரு போனில் திறந்து பாருங்கள். அதில் மக்கள் தேடி வரும் ஒரே ஒரு விஷயம் எது என்று முடிவு செய்திடுங்கள். பெரிதாக்காமல் அதைப் படிக்க முடிகிறதா? இல்லை என்றால், அந்த ஒரு பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். மற்றவை தானே பின்னால் வரும்.